பானை பொங்குமுன்

கெண்டைக்கால் சதை கல்லாகப் பிடித்துக்கொண்டது.

சைக்கிளை விட்டு இறங்கி நீவிவிட நேரமில்லை. மிதித்துக்கொண்டே குதிகாலைக் கீழே தள்ளினாள். வலி தொடைவரை ஏறி அங்கேயே நின்றது.

நிற்கட்டும்.

ஆடிக் காற்று. போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிய அதே காற்று, சாலைப் பிரிவில் ஊர்ப்பக்கம் திரும்பியதும் நெஞ்சில் கைவைத்துத் தடுத்தது. சாலையும் சும்மா கிடக்கவில்லை. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி. வேலிக்கு அப்பால் ஆளில்லாத மேய்ச்சல் காடு. அதற்கும் மேலே காற்றாலைகள் வெறி பிடித்துச் சுற்றின.

அவளுக்கு முன்னால் ஆறுச்சாமியின் முதுகு.

தென்னை ஏறுகிறவன். அவன் பறித்துப் போடும் காய்களைத்தான் களத்தில் அவள் கொப்பரைக்கு உடைக்கிறாள். மற்றபடி பழக்கம் அதிகமில்லை. அவளைவிட இளையவன், அக்கா என்பான். கோயில் பந்தயத்தில் முன்னால் போன கூட்டம் போய்விட்டது. பின்னால் வந்தவர்கள் பாதியில் உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்டது இவர்கள் இரண்டு பேர்.

"ஆளுக்கொரு மேடுங்கக்கா," என்றான் அவன். "முன்னால போறவங்க காத்தத் தாங்கோணும். பின்னால வர்றவங்க ஒட்டுனாப்புல வந்துக்கலாம்."

கல்லாங்காட்டு மேட்டில் அவன் முன்னால் போனான்.

பாலத்து மேட்டில் அவள்.

காற்றாலை மேட்டில் மறுபடி அவன்.

அந்த மேட்டின் உச்சியில் புகை தெரிந்தது.

முதல் ஆள் வந்து சேர்ந்ததும் கோயிலில் பெரிய பானையை அடுப்பில் ஏற்றுவார்கள். பானை பொங்கினால் குலவை. குலவை கேட்டால் தெருவுக்குக் குறுக்கே கயிறு. அதற்குப் பிறகு வருகிறவர்கள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, தப்பட்டை அடிக்கு நடந்து கோயில்வரை போகவேண்டும். யாரும் திட்டமாட்டார்கள். சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

சைக்கிளைப் பிடித்து நிறுத்துகிற காற்று அடுப்பை ஊதிச் சீக்கிரம் பொங்கவைத்துவிடும்.

போன ஆடிக்கு அவள் தூக்கினாள். கேரியரும் ஸ்டாண்டும் வைத்த கனத்த வண்டி. தோள்பட்டைக் காயம் சீக்கிரம் ஆறிவிட்டது. டீக்கடை நாச்சிமுத்துவின் வாய்தான் ஆறவில்லை. களத்துக்குப் போகிற ஒவ்வொரு காலையும் கடையிலிருந்து கேட்பார்.

"வண்டிய எறக்கி வெச்சாச்சுங்களா அம்மணி?"

பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். சிரிக்காமல் போனால் சாயங்காலமும் கேட்பார்.

இன்னொரு வருஷம் அந்தக் கடையை அப்படித் தாண்ட அவளால் ஆகாது.

மிச்சம் இருந்தது கோயில் மேடு. கடைசி மேடு, நீள மேடு.

அது அவளுடைய மேடு.

ஆறுச்சாமி ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான்.

அவள் போகவில்லை.

கால் பிடித்திருந்தது உண்மை. முடியாமல் இல்லை. வெயிலில் குந்தி நாளெல்லாம் காய் உடைக்கிற உடம்பு. தனக்குள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

அவன் திரும்பிப் பார்த்தான். மறுபடி நடுச்சாலைக்கு வந்து, சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தான்.

காற்று அவன் சட்டையைப் பிடுங்கியது. அவன் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திய அறைபோல் இருந்தது. அவள் அந்த அறைக்குள்ளேயே மேடு முழுக்க ஏறினாள். அவன் மூச்சு மட்டும் கேட்டது. தென்னையில் பாதி ஏறி நின்று அவன் விடுகிற மூச்சு.

உச்சி.

கீழே தெரு, கூட்டம், கோயில். பெண்கள் அடுப்பை நெருங்கி நின்றார்கள். அவர்கள் அப்படி நெருங்கினால் பானையில் நுரை கட்டிவிட்டது என்று அர்த்தம்.

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் வெளியே வந்தாள்.

அவனைத் தாண்டும்போது அவன் பக்கம் பார்க்கவில்லை. இறக்கத்திலும் மிதித்தாள். சங்கிலி கதறியது. கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் போனது. கெண்டைக்கால் அவளுடையதாகவே இல்லை.

குலவை கிளம்பியது.

கயிற்றின் ஒரு முனை மின்கம்பத்தில். இன்னொரு முனை நாச்சிமுத்துவின் கையில். தரையில் கிடந்த கயிறு எழத் தொடங்கியது. முன்சக்கரம் தாண்டிவிட்டது. பின்சக்கரம் கயிற்றை மிதித்துக்கொண்டு ஏறி இறங்கியது. அவர் கையிலிருந்து கயிறு வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு விழுந்தது.

உள்ளே வந்துவிட்டாள்.

குலவை பானைக்கு. அவள் தனக்கென்று எடுத்துக்கொண்டாள்.

களத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி தலையில் தண்ணீரைக் கொட்டினாள். ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள். இறங்கச் சொன்னார்கள். அவள் இறங்கவில்லை. சைக்கிளில் இருந்தபடியே கோயிலை ஒரு சுற்று வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. எதிர்க்காற்றும் அவளுக்கு இப்போது விசிறிவிடுகிறதுபோல் இருந்தது.

நாச்சிமுத்துவின் முன்னால் மட்டும் ஒரு காலை ஊன்றி நிறுத்தினாள்.

"கையில அடிகிடி பட்டுருச்சுங்களாண்ணா?"

தெருவே சிரித்தது. அவரும் சிரித்துவைத்தார்.

தப்பட்டை அடி மாறியது. கூட்டம் தெருமுனைக்குத் திரும்பியது.

விழுந்த கயிற்றை எடுத்துக் கட்டியிருந்தார்கள். அதைத் தாண்டி ஆறுச்சாமி வந்துகொண்டிருந்தான். தோளில் சைக்கிள். கால் தடுமாறியது, ஆனாலும் அடி தப்பாமல் வைத்தான். பையன்கள் கைதட்டினார்கள். அவன் பல் தெரியச் சிரித்தான். இந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும்.

பக்கத்தில் வந்தபோது அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"வந்துட்டீங்கல்லக்கா," என்றான். நடந்து போனான்.

அவள் சைக்கிளை விட்டு இறங்கினாள்.

ஆறுச்சாமிக்கு அவள் ஒரு மேடு பாக்கி.