நடு நெற்றி

மருமகளின் தாடையைப் பிடித்து முகத்தை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினாள் ஆறுமுகத்தாய். களத்தில் மிளகாய் வற்றலைத் தரம் பார்ப்பவள் போல உற்றுப் பார்த்துவிட்டு, புருவங்களுக்குச் சற்று மேலே விரலை அழுத்தினாள்.

“இந்தா, இந்த எடம். சாகுற மட்டும் அழியக் கூடாது.”

பாண்டிச்செல்வி நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் அகலமாகக் குங்குமம், தலையில் பிச்சிப்பூ, கை நிறையக் கண்ணாடி வளையல். வயது இருபத்தைந்துகூட இருக்காது.

சுகுணாவுக்கு எரிச்சலாக வந்தது. கோவில்பட்டியில் டாட்டூ கடை போட்ட நாளிலிருந்து காதலி பெயர், அம்மா முகம், முருகன் வேல் என்று எத்தனையோ குத்தியிருக்கிறாள். மாமியார் கூட்டி வந்து உட்கார வைத்த மருமகளை இப்போதுதான் பார்க்கிறாள்.

தாடையைப் பிடிக்கும் அந்தப் பிடி அவளுக்குத் தெரியும். கழுகுமலையில் வாழப் போன வீட்டில் அவள் தாடையும் அப்படிப் பிடிபட்டதுண்டு. ஒவ்வொரு தடவையும் “சரி அத்தை” என்று மட்டுமே சொல்லப் பழகியிருந்த வாயை நினைத்தால் இன்றும் அவளுக்கு வெட்கமாக இருக்கும்.

“வீட்டுல என்ன விசேஷம்மா? சீமந்தமா?”

“நாளைக்கு வீடு நிறைய சனம் வரும். இவ அண்ணன் சேலை எடுத்துட்டு வாரான். அதுக்குள்ள இது நெத்தியில இருக்கணும்.” ஆறுமுகத்தாய் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “ஆஸ்பத்திரிக்குன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கோம். வெரசாப் பாரு, தாயி.”

சுகுணா படங்களைக் காட்டினாள். “இந்தப் பிறை எடுப்பா இருக்கும். இல்லைன்னா சின்னதா மூணு புள்ளி.”

“அலங்காரத்துக்கா வந்திருக்கோம்? பொட்டுன்னா பொட்டு மாதிரி இருக்கணும். வட்டமாப் போடு.”

சிவப்புத் தாளைச் சிறு வட்டமாக வெட்டி, செல்வியின் நெற்றியில் வைத்துப் பிடித்தாள் சுகுணா. “பத்தாது” என்றாள் ஆறுமுகத்தாய். சுகுணா பெரிதாக வெட்டி, வகிட்டை ஒட்டி ஏற்றி வைத்தாள்.

“அம்புட்டு மேல வேண்டாம். முக்காடு போட்டா மறைஞ்சிரும்.”

“இந்தக் காலத்துல யாரும்மா முக்காடு போடுதா?”

வட்டம் நடு நெற்றிக்கு இறங்கி, அங்கே நின்றது.

“செவப்பு நாளாவட்டத்துல மங்கும். கறுப்புன்னா நல்லா நிக்கும்.”

“செவப்புதான்க்கா.” செல்வி முதல் முறையாக வாயைத் திறந்தாள். “மங்கினா திரும்ப வந்து போட்டுக்கிடுதேன்.” சொல்லிவிட்டு மாமியாரைப் பார்த்தாள். நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறாள் என்று நினைத்தாள் சுகுணா.

“குத்தினபிறகு புண்ணு ஆறுற வரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது. தேய்க்கவே கூடாது.”

“யாரும் தொடக் கூடாதா?” ஆறுமுகத்தாயின் முகம் மலர்ந்தது. “இன்னொரு தடவ சொல்லு தாயி. ஏட்டி, கேட்டுக்கிட்டியா?”

சுகுணாவால் பொறுக்க முடியவில்லை. “இவ வீட்டுக்காரருக்குத் தெரியுமா இது?”

“எம் மவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்.”

“அவரு வாயையும் நீங்களே பூட்டி வச்சிருக்கீங்களாக்கும்?”

செல்வியின் வளையல்கள் ஒருமுறை குலுங்கி அடங்கின. ஆறுமுகத்தாய் தரையைப் பார்த்தாள்.

தோலைச் சுத்தம் செய்யாமல் ஊசி வைக்க முடியாது. சுகுணா பஞ்சை நனைத்துக் குங்குமத்தின் பக்கம் கொண்டுபோனாள். செல்வி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அழிக்காதீங்கக்கா!”

சுகுணா பஞ்சை மேசையில் போட்டாள். கழுகுமலை வீட்டில் சொல்லாமல் விழுங்கியதெல்லாம் அப்போது வாய்க்கு வந்தது.

“போதும்மா. அந்தப் பிள்ளை இப்பிடிப் பதறுது, உங்களுக்குக் கண்ணு தெரியலையா? புடிச்சு வச்சுக் குறி போட இது மாட்டுச்சந்தை இல்ல. நீங்க கெளம்புங்க. செல்வி, நீ இரு. உங்க அம்மா வீட்டுல நானே கொண்டுபோய் விடுதேன்.”

ஆறுமுகத்தாய் கோபப்படவில்லை. செல்விதான் மெதுவாகச் சொன்னாள். “அக்காகிட்ட சொல்லிருவோம்த்தே.”

“சொன்னா இவளும் வெளிய போகச் சொல்லுவா, ஏட்டி. காலையில போன பச்சை குத்துற கடைக்காரன் அப்பிடித்தான சொன்னான்?”

செல்வி மேசையிலிருந்த பஞ்சைத் தானே எடுத்தாள். கண்ணாடியைப் பார்த்து, அவசரமில்லாமல், தன் குங்குமத்தைத் துடைத்தாள். பஞ்சு சிவந்தது.

“இதை நான்தான்க்கா அழிக்கணும். இன்னொருத்தி கை படக் கூடாது. இப்பம் குத்துங்க.”

சுகுணா ஒன்றும் விளங்காமல் ஆறுமுகத்தாயைப் பார்த்தாள். அவர்கள் வந்ததிலிருந்து அந்தப் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு மாமியாருடைய வெறும் நெற்றி இப்போதுதான் கண்ணில் பட்டது.

ஆறுமுகத்தாய் நாற்காலிக்குப் பின்னால் போய் மருமகளின் தலையை இரு கைகளாலும் ஏந்திப் பிடித்தாள்.

“எம் பொட்டைத் தொடைக்கையில, அசைய விடாம இப்பிடித்தான் எந்தலையைப் புடிச்சிருந்தா எம் மாமியா.” அவள் குரல் உடையவில்லை. “நாளைக்கு எம் மவனுக்குப் பதினாறாம் நாளு. இவ பொட்டை எவ அழிக்கான்னு பாக்கேன்.”