‘சால்வ்’ வந்த வழி

‘பிப்ரவரி 10. விடை காண்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘சால்வ்’, ஷூவின் ‘சோல்’ என்பதிலிருந்து வந்தது என்று ஆம்பூர் ஷூ கம்பெனிப் பெண்களுக்கான மாலை வகுப்பில் உளறிவிட்டேன். அகராதியைப் பார்த்தால், லத்தீனில் முடிச்சை அவிழ்ப்பது என்று பொருளாம்.’

பூர்ணிமா டைரி எழுதுவதை மாமியார் ஜெயம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி இது? கம்பெனிப் பொம்பளைங்க எல்லாம் சிரிப்பாங்களே!”

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அத்தை. மானம் போய்டும்.”

“சொல்லல. ஆனா, ஒரு வாரம் பாத்திரம் நீதான் தேய்க்கணும்.”

“சரி அத்தை.”

“அப்புறம், வகுப்புல என்னைக் கேள்வியே கேக்கக் கூடாது, டீச்சரம்மா!”

பூர்ணிமா சற்று யோசித்தாள். பிறகு எழுதினாள்:

‘நாளை வகுப்பில் என் தப்பை நானே சொல்லித் திருத்த வேண்டும். முதல் கேள்வி, முதல் பெஞ்ச் ஜெயம்மாளுக்கு.’