பத்து விநாடி

நாற்சந்தியில் நின்ற சிக்னல் விளக்குக்குச் சக்கரங்களை மட்டும்தான் தெரியும். நடப்பவர்களுக்கு அது விட்டுக்கொடுத்தது பதினைந்தே விநாடி.

முழங்கால் வலிக்காரர் தங்கப்பழத்தை டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். பூங்காவோ எதிர்ப்பக்கம். பாதி ரோட்டைத் தாண்டுவதற்குள் ஹாரன் காதைப் பிளக்கும், மனுஷன் திரும்பிவிடுவார்.

ஒருநாள் அவருடைய கைத்தடி சிக்னலிடம் கேட்டது: “தம்பி, இன்னும் பத்து விநாடி குடேன்.”

“குடுத்தா டவுன் பஸ் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுமே!”

கைத்தடி அசரவில்லை. ஸ்டாப்பில் நின்ற டவுன் பஸ்ஸின் படியைத் தட்டி அதையும் கேட்டது.

பஸ் யோசித்தது. “முட்டி வலிக்காரங்க என் படியேறி முடிக்கவே ஒரு யுகம் ஆகுது. நடந்து தேறினா எனக்கும்தான் நல்லது. பத்து விநாடிதானே, நிக்கிறேன்.”

மறுநாளே தங்கப்பழம் பூங்காவைத் தொட்டுவிட்டார். அவரைப் பார்த்துத் தெருவில் பாதிப்பேர் நடக்கக் கிளம்பினார்கள்.

சில மாதம் கழித்துக் கைத்தடியைக் காணோம். சிக்னல் பதறிப்போய் பஸ்ஸை விசாரித்தது.

“அவருக்கு இனிமே தடி வேண்டாமாம். கதவுக்குப் பின்னால சாத்தி வெச்சுட்டாராம்.”

“அடப்பாவமே! இப்படி ஆகும்னு அதுக்குத் தெரியாமப் போச்சே!”

“போன வாரம் அவர்கூடக் கடைசியா ஏறினப்போ, ‘அவர் தேறிட்டாரு, இனிமே உன்னை விட்டுடுவாரே’ன்னு நானும் சொன்னேன். ‘தெரிஞ்சுதான் கேட்டேன்’னு சிரிச்சுது.”

அப்போது தங்கப்பழம் இரண்டு கையையும் வீசிக்கொண்டு ரோட்டைக் கடந்து முடித்தார். விநாடிகள் தீர்ந்த பிறகும் சிக்னல் வண்டிகளை விடவில்லை. அந்தத் தடிக்காகக் கொஞ்ச நேரம் சிவப்பிலேயே நின்றது.

பஸ் ஹாரன் அடிக்கவில்லை.