லட்சத்தைத் தொட்ட சிப்

எழுபத்திரண்டாயிரம்.

திருகாணி நாற்காலியிலிருந்து அரை அடி எழுந்து மறுபடி உட்கார்ந்தான். காலை ஒன்பதுக்கு அறுபத்தொன்பதாயிரத்தில் படுத்துக் கிடந்த ஸ்கோர், இருபதே நிமிடத்தில் மூவாயிரம் ஏறிவிட்டது.

எதைக் கையில் கொடுத்தாலும் திருகிப் பார்க்காமல் விடமாட்டான். லேபில் அவனுக்கு அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது.

இன்று கையில் இருப்பது கம்பெனி மூன்று வருடமாகப் பெற்றெடுக்க முக்கி முனகிய புது சிப். ஒரு வினாடியில் அது எத்தனை வேலையை முடிக்கிறது என்பதுதான் ஸ்கோர். சிப்பை வாங்குகிற கட்சி பதினோரு மணிக்கு வருகிறது. அதற்குள் ஒரு லட்சத்தைத் தாண்டினால் லேபின் தலைமைப் பதவி திருகாணிக்கு. தாண்டாவிட்டால் லேபையே மூடிவிடுவதாகப் பேச்சு.

லட்சம் என்ற எண்ணை டைரக்டர் எங்கிருந்து பிடித்தார் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் வாயில் வந்தது. மறுநாள் அழைப்பிதழில் அச்சாகிவிட்டது. அதற்கப்புறம் அது அறிவியல்.

ஜன்னல் இல்லாத அறை. ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்று போன், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சட்டம் போட்ட டைரக்டரும் வெறும் மணிக்கட்டோடுதான் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

மின்சாரம் மிச்சம் பிடிக்கும் வசதியை அணைத்தாயிற்று. பின்னால் தண்டச்சோறு தின்றுகொண்டிருந்த புரோகிராம்களை ஒவ்வொன்றாகத் துரத்தியாயிற்று. ஃபேன் முழு வேகம். ஏ.சி. பதினாறு. ரிப்போர்ட் அடிக்கிற அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

இன்னும் இருபத்தெட்டாயிரம். எங்கே போய்க் கறப்பது?

அப்போதுதான் மதர்போர்டில் சிப்புக்குத் தாளம் போட்டுக் கொடுக்கும் அடிப்படைத் துடிப்பில் கை வைத்தான். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே துடிப்பை ஒரு படி குறைத்தான். ஒரு துடிப்புக்குச் சிப் செய்யும் வேலையை ஒரு படி கூட்டினான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் எதுவும் மாறக் கூடாது.

எழுபத்தாறாயிரம்.

"அக்கா! இங்க வாங்க, இங்க வாங்க!"

இன்னொரு படி குறைத்தான். எண்பது.

அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். "என்னடா தம்பி, குறைக்கக் குறைக்க ஏறுது? என் சாப்பாடும் எடையும் மாதிரி!"

எண்பத்தைந்து. காரணம் புரியவில்லைதான். கறக்கிற மாட்டிடம் யாராவது ஜாதகம் கேட்பார்களா?

காரணம் டைரக்டருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு எதற்குமே காரணம் தெரியாமல் போனதில்லை.

"அழுத்தத்தைக் குறைச்சா திறமை தானா வெளிய வரும்யா. மனுஷனுக்கும் சிப்புக்கும் ஒரே தத்துவம்தான்" என்றார், பதினெட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்கியவர்.

தத்துவத்துக்குத் தன் பெயரையே வைத்து ரிப்போர்ட்டில் ஏற்றச் சொன்னார். அக்கா ஏற்றினாள்.

திரையின் மூலையில் பத்து மணி. தொண்ணூற்றொன்று.

பத்தே கால். தொண்ணூற்று நாலு. பக்கத்து அறைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து திருகாணியின் முதுகுக்குப் பின்னால் நெருக்கினார்கள். யாரோ ஒருவன் எண்ணை உரக்கச் சொல்ல, மற்றவர்கள் கடைசி ஓவர் போல ஊளையிட்டார்கள்.

பத்தரை. தொண்ணூற்றெட்டு. திருகாணியின் காது மடல் கொதித்தது. ஒரு மனிதன் வாழ்க்கையில் இவ்வளவு எளிதாக ஜெயிக்க முடியும் என்று அவனுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

பத்து ஐம்பது.

ஒரு லட்சத்து மூவாயிரம்!

கூரை பிய்த்துக்கொண்டு போகாத குறை. யாரோ அவனை நாற்காலியோடு சேர்த்துச் சுற்றிவிட்டார்கள். டைரக்டர் சுற்றுகிறவனை நிறுத்திக் கட்டிக்கொண்டார்.

"இன்னையிலேருந்து இந்த லேபுக்கு நீதான்யா தலைவர்!"

அக்கா ரிப்போர்ட்டில் எழுத்தின் அளவை இரண்டு மடங்காக்கினாள்.

அந்தக் களேபரத்தில் கதவு திறந்ததை யாரும் கவனிக்கவில்லை. வாங்குகிற கட்சியின் தலைவி வாசலில் நின்றிருந்தார். பின்னால் நாலு பேர். எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

"மன்னிச்சுக்கணும் சார். பதினோரு மணிக்கு வரச் சொன்னீங்க. வழியில மாட்டிக்கிட்டு இருபது நிமிஷம் லேட்டாயிடுச்சு."

டைரக்டர் திரையின் மூலையைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார்.

"என்னம்மா இது, பதினொண்ணு அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கே! பாத்தீங்களா, எங்க சிப் பக்கத்துல வந்தா மனுஷங்க கூட வேகமாயிடறாங்க!"

அறையே சிரித்தது. வந்தவர்களும் மரியாதைக்குச் சிரித்தார்கள்.

திருகாணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சிப் ஓடுவது எந்தத் துடிப்பிலோ, அதே துடிப்பை எண்ணித்தான் இந்தக் கணினி மணியும் பார்க்கிறது. காலையிலிருந்து படிப்படியாக அந்தத் துடிப்பைத்தான் அவன் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறான். துடிப்பு மெதுவானால் வினாடி நீளும். நீண்ட வினாடிக்குள் எந்தச் சிப்பும் கூடுதலாக வேலை செய்யும்.

"எங்கே, இவங்க கண்ணு முன்னாடி ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க தலைவரே!" டைரக்டர் முதுகில் தட்டினார்.

எல்லோரும் ஸ்கோர் வரவேண்டிய இடத்தையே பார்த்தார்கள். திருகாணியின் கண் மட்டும் மூலையில் இருந்தது.

வினாடி முப்பத்தொன்று.

மனதுக்குள் 'ஒன்று' என்று நிதானமாக எண்ணி முடித்தான்.

இன்னும் முப்பத்தொன்று.