மார்ட்லாக்கின் தங்கக் கிண்ணம்

மண்டபத்தில் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியவர் டென்பிதான். மேடையில் மார்ட்லாக் தங்கக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்ட, லண்டன் தொல்பொருள் ஆய்வாளர்கள் அத்தனை பேரும் ஆரவாரித்தார்கள்.

"வில்ட்ஷயர்ல ஒரு கல்லறை மேட்டுக்கு அடியில கெடைச்சது. ரெண்டாயிரம் வருஷமா மனுஷக் கையே படலை!" என்றார் மார்ட்லாக்.

டென்பி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். இருவரும் ஒரு காலத்தில் ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே தட்டில் தின்ற நண்பர்கள். ஒரு மேட்டைத் தோண்டி முடித்தால், பின்னால் தோண்டுபவருக்குத் தெரியும்படி, பெயரும் வருடமும் பொறித்த ஈயத் தகட்டை அடியில் போட்டு மூடுவது ஆய்வாளர்களின் வழக்கம். முப்பது வருடத்தில் டென்பி ஒருமுறைகூட அதைத் தவறவிட்டதில்லை. அப்படி அவர் போட்ட தகட்டைத்தான் எடுத்து வீசிவிட்டு, 'நானே முதலில் தோண்டினேன்' என்று புத்தகம் எழுதிப் பேர் வாங்கினார் மார்ட்லாக்.

அந்தப் பாவியைச் சும்மா விடுவதா? பதினெட்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த டென்பி இப்போது எழுந்தார்.

"தலைவரே, கிண்ணத்தோட அடியைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்க."

தலைவர் பேனாக்கத்தியால் சுரண்டினார். பித்தளை பல்லிளித்தது.

"போலி! பித்தலாட்டக்காரன்! வெளியே தள்ளுங்கய்யா!" மண்டபமே கத்தியது.

டென்பிக்கு வயிறு குளிர்ந்தது. பர்மிங்ஹாமில் ரகசியமாக முலாம் பூச வைத்து, போன வருடம் தன்னந்தனியாகப் போய்ப் புதைத்தது இதற்குத்தானே! அந்த மேட்டின் பெருமையை மார்ட்லாக் காதில் விழும்படி பேசியதும் அவர்தான்.

"என்னப்பா மார்ட்லாக், சத்தத்தையே காணோம்?"

மார்ட்லாக் நிதானமாக மேடையிலிருந்து இறங்கி வந்தார். "போலின்னு அன்னிக்கே தெரியும். பொதைச்சவன் தானா எந்திரிச்சு வரட்டும்னுதான் காத்திருந்தேன்." பையிலிருந்து எதையோ எடுத்துத் தலைவரிடம் நீட்டினார். "கிண்ணத்துக்கு அடியில இதுவும் இருந்துச்சு. படிங்க."

தலைவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு உரக்கப் படித்தார்.

"சைலஸ் டென்பி, 1872. போன வருஷம்தானே!"

டென்பியின் கை தன்னையறியாமல், எப்போதும் தகடுகள் வைத்திருக்கும் கோட்டுப் பையைத் தடவியது. மார்ட்லாக் குனிந்து அவர் காதோடு சொன்னார்:

"கைப்பழக்கம் விடுமாடா? இந்தத் தடவை உன் தகட்டை நான் வீசலை."