பெட்டியில் ஒரு காலி இடம்

"ஏம்மா, என் வண்டிக்கு அடியில கைய விட்டு என்ன பண்றே?"

வெர்னன் போட்ட சத்தத்தில், டிரெய்லர் வீட்டோடு ஊர் சுற்றுகிறவர்கள் தங்கும் அந்த முகாமில் பாதிப் பேர் காபிக் கோப்பையோடு வெளியே வந்துவிட்டார்கள்.

டிரக்குக்கும் டிரெய்லருக்கும் நடுவே குந்தியிருந்த லூவெல்லா மெல்ல எழுந்தாள். அடுத்த இடத்தில் சின்ன டிரெய்லரோடு தனியாகத் தங்கியிருப்பவள். அறுபது வயதிருக்கும். இரண்டு கையிலும் கிரீஸ்.

"புதுக் கொக்கியாச்சே, எப்படி மாட்டியிருக்கீங்கன்னு பாத்தேன்."

"பாக்கறதுக்குக் கண்ணு போதுமே. கையில எதுக்கு கிரீஸ்?"

யாரோ சிரித்தார்கள். வெர்னனுக்கு வேகம் கூடிவிட்டது. போன முகாமில் ஒருவருடைய இழுவைக் கொக்கி அப்படியே காணாமல் போயிருந்தது. இதுவோ நேற்றுச் சாயங்காலம்தான் வாங்கி மாட்டியது. வருகிற வழியெல்லாம் டிரெய்லர் வாலை ஆட்டிக்கொண்டே வந்ததால், கடையில் அரை நாள் நின்று தேர்ந்தெடுத்தார். மாட்டும்போது கூடி நின்றவர்களுக்கு ஒரு வகுப்பே எடுத்தார்.

"கடைக்காரன் டிரெய்லர் மூக்கு உக்கார்ற வெறும் இரும்பு உருண்டை வச்ச கொக்கி போதும்னான். எனக்கா தெரியாது? டிரெய்லர் மூக்கு மட்டும் எண்ணூறு பவுண்டு. அத்தனையும் டிரக்கோட பின்சக்கரத்துல உக்காந்தா முன்சக்கரம் தூக்கிக்கும், ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேக்காது. அதான் ரெண்டு பக்கமும் கம்பி வச்ச கொக்கி. பாரத்தை நாலு சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்கும்."

முன்பக்கம் தூக்கவில்லை என்று முன்சக்கரத்துக்கு மேலே டேப்பை வைத்து அளந்தும் காட்டினார். தன் இடத்தில் சிவப்புக் கம்பளி பின்னிக்கொண்டிருந்த லூவெல்லாவிடம், "எப்படிம்மா நம்ம வேலை?" என்று கேட்டார்.

"கொக்கி மாட்டுறவங்ககிட்ட நான் பேச்சுக் குடுக்கறதில்ல."

மாட்டுகிறவரின் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்பது முகாம்களில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். வெர்னனுக்குத் திமிராகப் பட்டது.

இப்போது அந்தத் திமிருக்குக் கணக்குத் தீர்த்துவிடலாம் என்று தோன்றியது.

"அந்தப் பெட்டியத் திற. எல்லாரும் பாக்கட்டும்."

லூவெல்லா தன் கருவிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே தட்டுத் தட்டாக இரும்புப் பின்களும் கிளிப்புகளும். மறந்துவிடாமல் கண்ணில் படவேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றிலும் சிவப்பு நூல் கட்டியிருந்தது. ஒரே ஒரு இடம் மட்டும் காலி.

"இது ஏன் காலியா இருக்கு? என் சாமானுக்காகக் காத்திருக்கோ?"

எல்லாரும் சிரித்தார்கள். சத்தம் கேட்டு டிரெய்லரிலிருந்து வெர்னனின் மகள் கார்லா குழந்தையோடு இறங்கி வந்தாள்.

"என்னப்பா ஆச்சு?"

ஏதோ சொல்ல வாயெடுத்த லூவெல்லா கார்லாவைப் பார்த்தாள். வெர்னனைப் பார்த்தாள். பெட்டியை மூடினாள்.

"தப்புதான். மன்னிச்சுக்குங்க."

"பாத்தீங்களா, அவளே ஒத்துக்கிட்டா! திருடி! வேளைக்கு வந்தேனோ, பொழச்சேன்."

வெர்னனுக்குக் குனிய முழங்கால் இடம் கொடுக்கவில்லை. நின்றபடியே உருண்டையையும் கம்பியையும் சங்கிலியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெற்றி வீரர் மாதிரி வண்டியைக் கிளப்பினார்.

கணவாயில் ஏறி, பன்னிரண்டு மைல் செங்குத்து இறக்கம். டிரெய்லர் பூனைக்குட்டி மாதிரி பின்னாலேயே வந்தது. "கொக்கின்னா இது கொக்கி!" என்று வழி முழுக்கப் பீற்றிக்கொண்டார். பின்சீட்டில் பேத்தி தூங்கிவிட்டாள்.

அடிவாரத்தில் டீசல் போட நிறுத்தினார். கண்ணாடியை எடுக்கச் சட்டைப்பையில் கையை விட்டார். நேற்றுப் போட்டிருந்த அதே சட்டை.

கையில் வந்தது ஒரு கிளிப். புத்தம் புதுசு.

வெர்னன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொக்கியை டிரக்கோடு பிடித்து வைப்பது ஒரு பெரிய இரும்புப் பின். அந்தப் பின் உருவிக்கொண்டு வராமல் குறுக்கே நிற்கவேண்டியது இந்தக் கிளிப். வாய் ஓயாமல் வகுப்பெடுத்ததில் இதைப் பைக்குள்ளேயே மறந்திருக்கிறார்.

முழங்காலையும் பார்க்காமல் தரையில் படுத்து அடியில் எட்டிப் பார்த்தார்.

அந்தப் பின் அசையாமல் இருந்தது. அதன் முனையில் பழைய கிளிப் ஒன்று. அதில் சிவப்பு நூல்.

நேற்றுச் சாயங்காலம் கார்லா போட்ட சத்தம் காதில் கேட்டது. "போன வாரம் அடுப்ப அணைக்கல. முந்தாநாள் டிரெய்லர் படிய மடக்காமலே வண்டிய எடுத்து உடைச்சீங்க. இன்னும் ஒண்ணு மறந்தீங்கன்னா சாவி என்கிட்ட வந்துடும்ப்பா. அப்புறம் நீங்க வண்டியே ஓட்டக் கூடாது."

அப்போது பத்தடி தள்ளி உட்கார்ந்து லூவெல்லா கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள்.

காலையில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திருடிப் பட்டம் போயிருக்கும். அவருடைய சாவியும் போயிருக்கும்.

வெர்னன் எழுந்திருக்கவில்லை. யார் முகத்திலும் விழிக்க வெட்கமாக இருந்தது. டீசல் பங்க் தரையிலேயே கிடந்தார்.

"அப்பா! என்னாச்சு? விழுந்துட்டீங்களா?" கார்லா ஓடி வந்தாள்.

அவர் ஒரு கையால் கிளிப்பையும் மறு கையால் சாவியையும் நீட்டினார்.

"இன்னும் ஒண்ணு மறந்துட்டேம்மா. இனிமே நீயே ஓட்டு."

"சரிப்பா, முதல்ல எந்திரிங்க. அடுத்த முகாமுக்கு நானே ஓட்டறேன்."

"அடுத்த முகாம் வேணாம். வண்டியத் திருப்பு. அத்தனை பேரு முன்னால அவளத் திருடின்னு சொன்னேன். அவங்கள்ல ஒருத்தர்கூடக் கிளம்பறதுக்கு முன்னால நான் அங்க போய் நிக்கணும்."