சல்லிக்கு அடியில்

செண்பகவல்லி டீச்சர் தலை நரைக்கும்வரை பனியாற்றுப் பாடம் நடத்தியிருந்தாளே தவிர, ஒரு பனியாற்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. தலைமையாசிரியையிடம் மன்றாடி, கோவில்பட்டியிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பெண்களை இமயமலைக்குக் கூட்டிவந்திருந்தாள். வழிகாட்டி நின்று, “இதுதான்” என்று காலடியைக் காட்டியபோது அவள் சுற்றிலும் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை கருஞ்சல்லியும் சேறும்தான் கிடந்தன.

“என்ன டீச்சர், நம்மூரு குவாரி மாதிரில்லா கெடக்கு!” என்றாள் ரெஜினா. பெண்கள் சிரித்தார்கள். டீச்சர் குனிந்து, விறைத்த விரல்களால் சல்லியை ஒதுக்கிக்கொண்டே போனாள். கடைசியில் உள்ளங்கை அகலத்துக்குப் பனிக்கட்டி தெரிந்தது. உள்ளே நீலம் பாரித்திருந்தது.

வகுப்பில் வாயே திறக்காத இசக்கியம்மாள் மண்டியிட்டு அதன்மேல் காதை வைத்தாள்.

“டீச்சர், உள்ள தண்ணி ஓடுது.”

சிரிப்பு அடங்கியது. ஒவ்வொருத்தியாகக் கல்லை விலக்கிக் குப்புறப் படுத்தார்கள். டீச்சரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்தாள். இத்தனை காலம் அவள் வாயில் மட்டுமே ஓடிய ஆறு, எங்கோ ஆழத்தில் சளசளவென்று தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“இது எங்கன வெளிய வரும் டீச்சர்?” தலையைத் தூக்காமலே கேட்டாள் இசக்கி.

“இங்கன இருந்து தெரியலட்டி.” டீச்சர் எழுந்து அவளுக்குக் கை நீட்டினாள். “வா, கூடவே எறங்கிப் போயிப் பாப்போம்.”